கடல் தாண்டி வந்த குதிரை, தெரு தாண்ட முடியாத குதிரை

2018 மார்ச் மாதக் கடைசியில் குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தில் உள்ள திம்பி கிராமத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் ஒரு குதிரை வாங்கியிருந்தார். 'குதிரையை விற்றுவிடு, அதில் ஏறி வராதே' என்று ஆதிக்கச் சாதியினர் மிரட்டி வந்ததாக அவருடைய தந்தை காவல்துறையிடம் சொன்னார். வேறு காரணங்களையும் விசாரிப்பதாகக் காவல்துறை சொன்னது. செய்தி சில நாட்கள் ஓடியது, பிறகு அடங்கியது.

அந்தச் செய்தியைப் படித்த பலரும் கேட்ட கேள்வி, 'ஒரு குதிரைக்காகவா?' என்பது. கேள்வியில் வருத்தம் இருக்கிறது, ஆனால் வரலாறு இல்லை. இந்தியாவில் குதிரை வெறும் விலங்காக ஒருபோதும் இருந்ததில்லை. அரசர்கள் அதற்காகக் கடல் கடந்து ஆள் அனுப்பினார்கள். கம்பெனி பாலைவனம் தாண்டி ஆள் அனுப்பியது. ஒரு குதிரை வாங்க எவ்வளவு தூரம் போகலாம் என்பது அரசவையில் முடிவு செய்யப்பட்ட விஷயம். வாங்கிய குதிரை எவ்வளவு தூரம் போகலாம் என்பதோ சாதி முடிவு செய்த விஷயம். பாடப்புத்தகத்தில் நமக்கு முதல் தூரத்தை மட்டும்தான் சொல்லித் தந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

தெற்கில் விளையாத பொருள்

தமிழ் நிலத்தில் நெல் விளைந்தது, மிளகு வந்தது, முத்து கிடைத்தது. நல்ல போர்க்குதிரை மட்டும் கிடைக்கவில்லை. ஈரமும் வெப்பமும் கலந்த தட்பவெப்பமும் பரந்த மேய்ச்சல் நிலம் இல்லாததும் இதற்குக் காரணங்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே குதிரை எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கிய செய்தி இருக்கிறது. சோழர் காலத்திலும் அதன் பிறகும் எழுந்த கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் தென்படுகிறார்கள். மேற்குக் கரையில் இறங்கிய குதிரைகளை உள்நாட்டுக்குக் கொண்டு வந்து விற்றவர்கள் அவர்கள்.

இந்த வணிகம் எவ்வளவு பெரியது என்பதை 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு காட்டுகிறது. ஹோர்முஸ், கிஷ், தோபார், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகள் வருகின்றன என்கிறார். அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய நான்கு சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள் என்கிறார். ஆண்டு முடிவதற்குள் அவற்றில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்கள் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்!

மார்க்கோ போலோ மிகைப்படுத்துபவர் என்று ஒதுக்கலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதும் அதே திசையில்தான் இருக்கிறது. கிஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டில் இறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியில் கடலிலேயே செத்துப்போனாலும் அதற்கும் விலை உண்டு. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் காயலில் இருந்துகொண்டு பாண்டிய அரசவையிலும் உயர்ந்த பதவியில் இருந்தார். ஆக, வாங்கும் பக்கத்திலும் விற்கும் பக்கத்திலும் ஒரே குடும்பம்.

1,400 குதிரைகளை 220 தினாரால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 3,08,000 தினார். கிஷ் தீவிலிருந்து காயல் வரை கடல் வழியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தைக் கடக்க அரசர் தன் இருக்கையை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. பணம் போனது, குதிரை வந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

வஸ்ஸாஃப் இன்னொரு செய்தியையும் சொல்கிறார். நாம் நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான். தென்னாட்டுக்கும் காம்பே முதலிய துறைகளுக்கும் முன்பு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின, மொத்த விலை 22 லட்சம் தினார் என்று எழுதிவிட்டு, அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து தரப்படவில்லை என்கிறார். கோயில்களுக்குச் சொந்தமான நிலங்களும் கிராமங்களும் தந்த உபரி வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த பெண்கள் மீது விதித்த வரியிலிருந்தும் தரப்பட்டதாம்.

கோயில் நிலத்தில் சேற்றில் இறங்கி உழுதவர்கள் யார்? இதற்கும் கல்லில் எழுதிய சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் கொடுத்த ஊர்களின் கணக்கைப் படித்தால், வரி விதிக்காமல் கழித்துவிட்ட இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற பெயர்களும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி தனியாக இருந்தது, அதற்கு அந்தப் பெயரும் இருந்தது. வஸ்ஸாஃப் எழுதுவது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்திய பாண்டியர் காலத்தை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கோயில் நிலம் பெருகியதே தவிரக் குறையவில்லை. சேரியும் கலையவில்லை. ஆகவே அரபுக் குதிரைக்குக் கொடுத்த செம்பொன்னில் சேரி மக்களின் உழைப்பும் கோயில் பெண்களின் உழைப்பும் கலந்திருந்தன என்று சொல்வது கற்பனை ஆகாது. ஆவணங்களைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு அது.

நரியைப் பரியாக்கிய கதையை வேறு விதமாகப் படித்தால்

குதிரை வாங்கப் போன கதைகளில் தமிழருக்கு மிகவும் பழகிய கதை திருவாதவூரருடையது. பாண்டியனின் அமைச்சரான அவர் அரசுப் பணத்தோடு குதிரை வாங்கப் புறப்படுகிறார். மதுரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் போய், கிழக்குக் கரையை நெருங்கும் திருப்பெருந்துறையில் குருவைக் காண்கிறார். பணம் கோயிலுக்குச் செலவாகிறது. சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டு வருகிறார். இரவில் அவை மறுபடியும் நரிகளாகிவிடுகின்றன. இன்று ஆவுடையார்கோயில் என்று அழைக்கப்படும் அந்த ஊரின் கோயில் தூண்களில் குதிரைச் சிற்பங்களைப் பார்க்கலாம்.

பக்திக்காரர்கள் அந்தக் கதையை அருளின் கதையாகப் படிக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. சமூகவியல் படித்தவர்களுக்கு அதில் வேறு சில செய்திகளும் தெரிகின்றன. அமைச்சரே நேரில் போக வேண்டிய அளவுக்குக் குதிரை பெரிய கொள்முதல். துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்து வாங்குவதா, தலைநகருக்கு வரவழைப்பதா என்பதில் ஏமாற்றமும் இழப்பும் அடங்கியிருந்தன. வாங்கியவனுக்குக் குதிரையின் தரம் தெரியாது, விற்பவனை நம்பித்தான் ஆக வேண்டும். காலையில் பரியாக இருந்தது இரவில் நரியானால் யாரிடம் முறையிடுவது? மார்க்கோ போலோ சொன்ன வணிகமும் இதுதானே. இந்தக் கதையில் இல்லாதவர்கள் யார் என்றால், அந்தப் பணத்தை விளைவித்தவர்கள்.

வாலுக்கும் விலை

விஜயநகரக் காலத்தில் இந்தத் தூரம் இன்னும் அரசியலானது. பாமினி சுல்தான்களின் குதிரைப்படையை எதிர்க்கக் குதிரை வேண்டும், குதிரையோ மேற்குக் கடல் வழியாகத்தான் வரும். போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதிய குறிப்பு ஒன்று போதும். அரசர் சாளுவ நரசிம்மர் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை வணிகர் கேட்ட விலைக்கே வாங்கினார். 1,000 பர்தாவுக்கு மூன்று குதிரைகள். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு உரிய விலை கிடைக்கும்.

அரசர் பைத்தியக்காரர் அல்ல. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. பயணத்தின் அபாயத்தை வணிகன் தலையில் வைத்தால் அவன் வேறு துறைமுகத்துக்கு, எதிரியிடம் போய்விடுவான். அபாயத்தை அரசு ஏற்றுக்கொண்டால் எல்லாக் குதிரையும் இங்கே வரும். தொலைதூர நாட்டுக் குதிரை வணிகரை நன்றாக நடத்த வேண்டும், அந்தக் குதிரைகள் பகைவருக்குப் போய்விடக்கூடாது என்று கிருஷ்ணதேவராயர் தன் ஆமுக்தமால்யதாவில் அரசநீதியாகவே எழுதி வைத்தார். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். குதிரைக் கப்பல்கள் கோவாவுக்கே வர வேண்டும் என்று ஆக்கி, யாருக்குக் குதிரை தருவது, யாருக்கு மறுப்பது என்பதை ஆயுதமாக்கினார்கள்.

அரசர்களுக்கு இடையிலேயே 'யார் குதிரை ஏறலாம்' என்ற சண்டை நடந்திருக்கிறது. எதிரிக்குக் குதிரை கிடைக்காமல் செய்வது போரில் பாதி வெற்றி. ஊர் ஆதிக்கச் சாதி சேரிக்குச் செய்ததும் இதே வேலைதான், சிறிய அளவில்.

புகாரா வரை போன மருத்துவர்

வெள்ளையர் வந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில் பூசா என்ற இடத்தில் குதிரைப் பண்ணை வைத்திருந்தது. 1808இல் அதன் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் மூர்கிராஃப்ட், முறையாகப் படித்த கால்நடை மருத்துவர். இங்குள்ள குதிரைகள் படைக்குப் போதாது, மத்திய ஆசியாவிலிருந்து நல்ல இனம் கொண்டுவர வேண்டும் என்பது அவர் முடிவு. 1812இல் திபெத் பக்கம் போய் மானசரோவர் வரை பார்த்துவிட்டு வந்தார். 1819இல் மறுபடியும் புறப்பட்டார். லடாக், காஷ்மீர், பெஷாவர், காபூல் என்று போய், 1825 பிப்ரவரியில் புகாரா சேர்ந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அங்கே குதிரை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானத்து அந்த்கோய் அருகே இறந்துபோனார்.

பின்னர் கப்பல் வழியே சரி என்று முடிவானது. 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் குதிரைகள் வந்தன. ஊரின் பெயரால் 'வேலர்' என்று அவற்றை அழைத்தார்கள். நம் ஓசூருக்கு அருகே மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணையும் கம்பெனி படைக்குக் குதிரை தயார் செய்யத் தொடங்கியதுதான்.

இந்தக் குதிரைகளுக்குப் புல் யார் வெட்டினார்கள்? ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், கூடவே ஒரு புல்வெட்டி என்பது அந்தக் கால ஏற்பாடு. ஹாப்சன் ஜாப்சன் அகராதி இதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறது: வடக்கில் புல்வெட்டுபவர் ஆண், தெற்கில் குதிரைக்காரரின் மனைவியே அந்த வேலையைச் செய்கிறார். சென்னை மாகாணத்தில் வெள்ளையர் வீட்டு வேலைக்குப் பெருமளவில் போனவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூர்கிராஃப்டின் பயணம் இரண்டு தொகுதிகளாக அச்சில் இருக்கிறது.

சேணம்? கடிவாளம்? அதுவும் நம் கை வேலைதான். கான்பூரில் படைக்குச் சேணமும் தோல் கருவிகளும் செய்யும் அரசுத் தொழிற்சாலை 19ஆம் நூற்றாண்டில் அமைந்தது. தோல் பதனிடும் வேலையில் சமார் மக்களின் உழைப்பு இல்லாமல் அந்த நகரத்தின் தோல் தொழில் இல்லை. சேணத்தைத் தைத்த கை தீட்டு. அந்தச் சேணத்தின் மேல் உட்கார்ந்தவர் உயர்ந்தவர். செத்த மாட்டின் தோல் குதிரை முதுகுக்குப் போனதும் புனிதமாகிவிட்டது, அதைத் தைத்தவர் மட்டும் ஆகவில்லை.

1931: பதினோராவது தடை

இப்போது இரண்டாவது தூரத்துக்கு வருவோம்.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டு வந்த தீர்மானத்தின் விளைவாக, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்று அரசாணை வந்தது. தாளில் தெரு திறந்தது. ஊரில் என்ன நடந்தது?

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மக்கள் பணியவில்லை. குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் கால்நடைகளும் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் இன்னும் பதினொரு தடைகள் வந்தன. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும், சொந்த நிலத்தை மிராசுதாருக்கே மலிவாக விற்றுவிட வேண்டும் என்று நீளும் அந்தப் பட்டியலைக் குடிக்கணக்கு அதிகாரியாக இருந்த ஹட்டன் பதிவு செய்தார். அண்ணல் அம்பேத்கரும் அதை எடுத்து எழுதியிருக்கிறார்.

அதில் பதினோராவது தடை என்ன தெரியுமா? தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை ஆதிதிராவிடர்கள் நிறுத்திவிட வேண்டும். மண ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவையே பல்லக்காகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எந்த வாகனமும் எதற்காகவும் கூடாது.

வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இல்லாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. 'வழக்கத்தை நிறுத்த வேண்டும்' என்கிறது அந்தத் தடை. அப்படியானால் 1931க்கு முன்பே நம் மக்கள் குதிரையில் மாப்பிள்ளை ஊர்வலம் போயிருக்கிறார்கள். சட்டை போட்டிருக்கிறார்கள், குடை பிடித்திருக்கிறார்கள், நிலம் வைத்திருக்கிறார்கள். ஒடுக்குபவனின் ஆணையே ஒடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்றதற்குச் சாட்சி. நம்மைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். அவற்றைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. குதிரைத் தடையும் நிலத் தடையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. கூலி விகிதமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. குதிரை ஏறுவது வெறும் அடையாளப் பிரச்சினை, கூலியும் நிலமும்தான் உண்மையான பிரச்சினை என்று பிரித்துப் பேசுபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும். ஆதிக்கச் சாதி பிரித்துப் பார்க்கவில்லை. குதிரையில் ஏறியவன் நாலணாவுக்குக் குனிய மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பர்லாங்

தடைப் பட்டியல் வருவதற்கு ஓராண்டுக்கு முன், 1929இல், பம்பாய் மாகாணத்தில் இன்னொரு சம்பவம். தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க அரசு அமைத்த குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். விசாரணை முடிந்து சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அங்குள்ள மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போகக் காத்திருக்கிறார்கள். நிலையத்திலிருந்து மகர்வாடா சுமார் இரண்டு பர்லாங் தூரம். ஆனால் வெகுநேரமாகியும் வண்டி கிளம்பவில்லை.

குதிரை வண்டிக்காரர்கள் யாரும் தீண்டப்படாதவரை ஏற்றி வண்டி ஓட்டத் தயாராக இல்லை. அம்பேத்கரை நடக்க வைக்க அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம். வண்டியை வாடகைக்குத் தருவார், ஓட்ட மாட்டார். மக்களில் ஒருவரே ஓட்டினார். அவருக்குப் பழக்கமில்லை. வழியில் இருந்த சிறு பாலத்தில் சக்கரம் கல்லில் மோதியது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் பெற்றவரையும்விடத் தன்னை உயர்ந்தவராக அந்த ஏழை வண்டிக்காரர் நினைக்க முடிந்தது என்பதை அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதியிருக்கிறார்.

கிஷ் தீவிலிருந்து காயலுக்கு 3,000 கிலோமீட்டர். சாலிஸ்காவ் நிலையத்திலிருந்து மகர்வாடாவுக்கு 400 மீட்டர். எது நீண்ட தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒண்டிவீரன் கொடுத்த விலை

நம் மக்களின் நினைவில் வேறொரு குதிரையும் இருக்கிறது. மதுரைவீரனைக் குதிரை இல்லாமல் நம் மக்கள் வணங்குவதில்லை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவராகக் கதை சொல்லும் வீரன் குதிரையில் அமர்ந்து கையில் வாளோடு இருக்கிறார். ஊர்த்தெருவில் மறுக்கப்பட்டதைக் கோயிலில் வைத்துக்கொண்டார்கள்.

நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் படைத்தளபதி ஒண்டிவீரன் பற்றிய வாய்மொழிக் கதை இதைவிட அழுத்தமானது. எதிரி முகாமிலிருந்து பட்டத்துக் குதிரையைக் கொண்டுவர அவர் போகிறார். குதிரை மிரண்டு சத்தம் போட, புல்லுக்குள் மறைந்து கிடக்கிறார். குதிரையைக் கட்டிப்போட வந்த வீரர்கள் முளையை அடிக்கும்போது அது அவர் கையில் இறங்குகிறது. அவர் சத்தம் போடவில்லை. அவர்கள் போன பிறகு, முளை இறங்கிய கையைத் தானே வெட்டிக்கொண்டு குதிரையோடு வெளியேறுகிறார்.

அரசன் கருவூலத்துப் பணம் கொடுத்து வாங்கிய விலங்குக்கு அருந்ததியர் தளபதி தன் கையைக் கொடுத்தார் என்கிறது கதை. இன்று பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அது பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது.

'நமக்கு எதற்குக் குதிரை?'

பயிற்சி முகாம்களில் இளம் தோழர்கள் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். குதிரையில் மாப்பிள்ளை போவது மன்னர் பாவனைதானே? ஆதிக்கச் சாதியின் பழக்கத்தை நாம் ஏன் நகலெடுக்க வேண்டும்?

கேள்வி நியாயமானது. குதிரை ஏறுவதால் யாருக்கும் விடுதலை வந்துவிடாது. கடன் வாங்கி ஆடம்பரக் கல்யாணம் செய்யுங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குதிரை வேண்டாம் என்று நான் முடிவு செய்வது வேறு. எனக்குக் குதிரை கூடாது என்று இன்னொருவன் முடிவு செய்வது வேறு. 1927இல் மகத் குளத்துக்குப் போனபோது, அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் நாம் செத்துவிடவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவவே போகிறோம் என்ற பொருளில் அம்பேத்கர் பேசினார். குளத்துக்குச் சொன்னது குதிரைக்கும் பொருந்தும்.

உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூரில் 2018இல் ஒரு தலித் மணமகன் இதைத்தான் செய்தார். தாக்கூர்கள் வாழும் தெரு வழியாக ஊர்வலம் போகக் கூடாது என்று எதிர்ப்பு. மாற்றுப் பாதையில் போகச் சொல்லி நிர்வாகமும் யோசனை சொன்னது. அவர் மாதக்கணக்கில் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் ஏறி இறங்கினார். கடைசியில் ஜூலையில் பெரும் போலீஸ் காவலோடு ஊர்வலம் போனது. இராஜஸ்தானின் பூந்தி மாவட்டத்தில் தலித் மணமகன்கள் குதிரையில் போவதற்குக் காவல்துறையே தனித் திட்டம் வகுத்துப் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்.ஏ) பிரிவைப் படியுங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அல்லது புத்தாடை அணிவதை, மண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 1931 தடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு, உடை, ஊர்வலம், குதிரை, வாகனம். 84 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாட்டின் நாடாளுமன்றம் அதே பட்டியலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தப் பட்டியல் இன்னும் சாகவில்லை என்று பொருள்.

தமிழ்நாட்டில் குதிரையின் இடத்தைப் புல்லட் எடுத்துக்கொண்டிருக்கலாம், அலங்கரித்த கார் எடுத்துக்கொண்டிருக்கலாம். சாமி ஊர்வலமோ சவ ஊர்வலமோ எந்தத் தெரு முனையில் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் அப்படியே இருக்கிறது. எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன சட்டப் பிரிவையும், கடமையைச் செய்யாமல் வேண்டுமென்றே அலட்சியம் காட்டும் அரசு ஊழியரைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பாதையில் போங்கள் என்று அதிகாரி சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். தேதி, தெரு, சொன்னவரின் பதவி மூன்றையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை எதில் ஏறிப் போனார்? யாருடைய வண்டி? எந்தத் தெரு வரை போனார்கள்? எங்கே மேளத்தை நிறுத்தினார்கள்? முதன்முதலில் நிறுத்தாமல் போனவர் யார், அதற்கு என்ன விலை கொடுத்தார்? பாண்டியன் வாங்கிய குதிரைக்கு வஸ்ஸாஃப் கணக்கு எழுதி வைத்தார். இந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, ஆகவே அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே தொடங்கிவிடுங்கள்.